கடலிலிருந்து நேராக மலைக்கு

அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'ரூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பார்க்கிறவர். எந்தச் சரக்கை எந்தச் சாலையில் அனுப்பினால் டீசல் மிச்சம், எந்தப் பாலத்துக்கு அடியில் உயரமான லோடு முட்டும், எந்த இறக்கத்தில் பிரேக் சூடாகும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் சொந்த ஊருக்குப் போனாலும் சரி, தேனிலவுக்குப் போனாலும் சரி, வலியப் போய் வழி சொல்வார். அவர் சொன்ன வழியில் போனால் காசு மிச்சமாகும், இடுப்பெலும்பு மிச்சமாகாது. ஆனாலும் மனிதர் தங்கமானவர் என்பதால் திட்டிக்கொண்டே கேட்பார்கள்.

அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கம்பி வடங்களுக்கு நடுவே கிரீஸும் கையுமாக நிற்கிறவன். அப்பா அம்மா இல்லாதவனை அக்காதான் வளர்த்தாள். அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு அவனும் கூடவே வந்தான். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்" என்று ரூட்டு இன்றைக்கும் கிண்டல் செய்வார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவன் வீட்டில் இருந்ததால் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்த நாட்களிலும் அவர் வெளியே சொன்னதில்லை.

தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மச்சினன் ஆசைப்பட்டான். குழிக்குள்ளேயே கிடக்கிறவனுக்கு வேறு ஒரு ஆழத்தைப் பார்க்க ஆசை வந்ததில் தப்பில்லை. "நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. அவன் தனியாப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்றாள் மனைவி. ரூட்டுக்குத் தண்ணீர் என்றால் பயம், குளிக்கும்போதே கண்ணை மூட மாட்டார். ஆனால் வழி போடுகிற வேலை இருக்கிறதே, அதை விடுவாரா? மலிவான விமானம் எந்த ஊருக்கு இருக்கிறது என்று தேடிப் பிடித்தார். அந்த ஊர் தீவிலிருந்து வெகு தூரத்தில், நடுவில் ஒரு மலைத்தொடரைப் போட்டுக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து கரையோர ரயிலில் துறைமுகம், துறைமுகத்திலிருந்து படகில் தீவு. முதுகில் ஆளுக்கொரு பை, பைக்குள் நூடுல்ஸ், பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகள்.

தீவில் தங்கின இடம் தகரக் கூரை போட்ட விடுதி. இரண்டடுக்குக் கட்டில்கள், கட்டில் கம்பியெல்லாம் ஈர உடுப்பு, ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் பக்கத்துக் கட்டில்காரனைப் பார்த்தே சுற்றியது. கழுத்தில் பச்சை குத்திய பிள்ளைகளும் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவர்களும் நிறைந்த அந்த அறையில், சட்டைப் பையில் பேனா செருகிய ரூட்டைப் பார்த்து முதல் நாள் ஒருவன் "இங்க மேனேஜர் நீங்கதானே சார்?" என்று துண்டு கேட்டான்.

தினமும் மச்சினன் கடலுக்குள் இறங்குவான். ரூட்டு படகில் உட்கார்ந்து, அவன் விட்ட குமிழிகள் எந்தப் பக்கம் வருகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார். குமிழி வருகிறவரைக்கும் அவன் மூச்சு விடுகிறான். அவ்வளவு தெரிந்தால் போதும் அவருக்கு. மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு அவன் பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டுமே! ஆமை பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்ததாம், மீன் கூட்டம் இவனைச் சுற்றிக்கொண்டு போனதாம். அவனை இவ்வளவு சந்தோஷமாக அவர் பார்த்ததே இல்லை. எதற்குச் செலவு என்று முணுமுணுத்தவர் அதற்கப்புறம் முணுமுணுப்பதை விட்டுவிட்டார்.

கிளம்புகிற நாள் காலையில் இன்னும் ஒரு டைவ் இலவசமாக வேண்டும் என்று டைவிங் கடையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று சொல்வார்களே, அந்த ரகம். அதுவும் சாதாரண டைவ் இல்லை, மூழ்கிப்போன கப்பல் ஒன்று கிடக்கிற ஆழமான இடம். சொல்லிக்கொடுத்த பெண்ணை மச்சினன் 'டீச்சர்' என்று கூப்பிடுவான். அவள் மேலே வந்ததும் கறாராகச் சொன்னாள். "இன்னிக்கு ரொம்ப ஆழம் போயிருக்கு. தொடர்ந்து தினமும் வேற இறங்கியிருக்கார். ஒரு முழு நாள் போகட்டும். அதுக்குள்ள பிளேன் ஏறிடாதீங்க."

"நாளைக்கு மத்தியானம்தான் மேடம் பிளேன். அதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்" என்றார் ரூட்டு. அவளுக்கும் திருப்தி. தீவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் படகும் ரயிலும் விமானமுமாகப் போய் வருகிறவர்கள். இப்படி ஒருத்தர் மலையேறிப் போவார் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

துறைமுகத்தில் இறங்கினால் ரயிலில் இடம் இல்லை. பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று கரையோரமாகச் சுற்றிப் போகிற ஏசி பஸ். விடியும்போதுதான் போய்ச் சேரும், டிக்கெட்டும் ஜாஸ்தி. இன்னொன்று மலை வழியாகப் போகிற பழைய பஸ். பாதிக் கட்டணம், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு ஊர். ரூட்டுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? மலைப் பஸ்ஸின் படியில் காலை வைத்துவிட்டார்.

மச்சினன் ஏறவில்லை. "அத்தான், மலை ஏறினாலும் ஆகாதுன்னு புத்தகத்துல ஏதோ படிச்ச மாதிரி இருக்கு."

"என்ன படிச்சே?"

"சரியா ஞாபகம் இல்ல. உயரமான எடத்துக்குப் போறதப் பத்தி ஒரு வரி. டீச்சருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே."

"டேய், மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே. அது ஏதோ பனி மலைக்குச் சொல்லியிருப்பான். அவங்க சொன்னது பிளேன். இது பஸ்ஸு. டயரு ரோட்டுலதானே உருளுது?"

"கேட்டா என்ன கொறஞ்சு போயிடும்?"

"ரோட்டப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட எதுக்குக் கேக்கணும், நான் இங்க குத்துக்கல்லு மாதிரி நிக்கும்போது? உனக்கு ஏசி பஸ்தான் வேணும்னா நேராக் கேளு மச்சான், புத்தகத்த எதுக்கு இழுக்கறே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை அவனைச் சுட்டுவிட்டது. சின்ன வயதிலிருந்து அவர் சோற்றைத் தின்று வளர்ந்தவன். சொகுசு கேட்கிறான் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்ற கூச்சம் அவனுக்கு எப்போதும் உண்டு. பேசாமல் ஏறி உட்கார்ந்தான். அது தெரிந்துதான் ரூட்டு அப்படிச் சொன்னாரா? தெரிந்துதான் சொன்னார். மனிதனுக்குத் தன் சாமர்த்தியத்தின்மேல் இருக்கிற பிரியம் அப்படிப்பட்டது.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கடல் கீழே தகடாகச் சுருங்கிப்போயிற்று. ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டதால் குளிர்காற்று காதை அறுத்தது. பசிக்கு எதையாவது எடுக்கலாம் என்று ரூட்டு பையைத் திறந்தார். உள்ளே சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பிக்கொண்டிருந்தன. அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"இதப் பாத்தியா மச்சான்? ஒரு தடவ சிப்ஸ் லோடு ஒண்ண மலை வழியா அனுப்பிட்டான் புதுசா வந்த பையன். மேல போகப் போக படார் படார்னு வெடிச்சு, முக்கால்வாசி பாக்கெட்டு போச்சு. பார்ட்டி எடுத்துக்க மாட்டேன்னுட்டான். கீழ அடைச்ச காத்து மேல வந்தா உப்பும்டா. அதுலேருந்து சிப்ஸுன்னா எவ்வளவு சுத்து வழியா இருந்தாலும் கரையோர ரோடுதான். நான் போட்ட ரூல் அது!"

மச்சினன் சிரிக்கவில்லை. "முழங்கை குத்துது அத்தான்" என்றான்.

"பை தூக்கினே இல்ல, அதான்."

கொஞ்ச நேரத்தில் வயிறு அரிக்கிறது என்றான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தோல் திட்டுத் திட்டாக ஊதா நிறத்தில் இருந்தது. "அந்த விடுதிக் கட்டில்ல மூட்டப்பூச்சி இல்லாம இருக்குமா?" என்றார் ரூட்டு. அப்புறம் கால் மரத்துப்போனது என்றான். "இந்த சீட்டுல உக்காந்தா யானைக்கும் மரத்துப்போகும்." எதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

மலை உச்சியில் ஒரு டீக்கடை. பிரேக் ஆறட்டும் என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். மூடுபனி இறங்கி, எதிரே நிற்கிறவன் முகம் தெரியாத சாயங்காலம். மச்சினன் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, கடைக்குப் பின்னால் போனான். வெகு நேரம் வரவில்லை. ரூட்டு போய்ப் பார்த்தபோது சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுக்கு முட்டுது. வர மாட்டேங்குது அத்தான்."

"குளிரு. நிதானமா..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் முட்டி மடங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் அவனுடையதே இல்லாததுபோல் கிடந்தன.

நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்து டீக்கடை பெஞ்சில் போட்டார்கள். மலை ஏறினால் சிலருக்குத் தலை சுற்றும் என்றார் ஒருவர். எலுமிச்சம்பழத்தை மூக்கில் பிடித்தார் இன்னொருவர். கடைக்காரர் எண்ணெய் கொடுத்தார். ரூட்டு அவன் கால்களை மடியில் வைத்துக்கொண்டு தேய் தேய் என்று தேய்த்தார். "சூடு தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தார். அவருக்குக் கை வலித்ததே தவிர அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீணாய்ப்போன அந்த நேரத்தை அப்புறம் எத்தனை நாள் நினைத்து நினைத்துச் செத்தார்!

"டீச்சருக்குப் போன் போடுங்க" என்றான் மச்சினன். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப எங்க இருக்கீங்க?" என்றாள்.

"பஸ்ல வந்தோம். மலை மேல."

அவள் கத்தினாள். "எதுக்கு மலைக்குப் போனீங்க? பிளேன்ல ஏறாதேன்னா உயரத்துக்குப் போகாதேன்னு அர்த்தம்! ஆழத்துல சுவாசிச்ச காத்து அவர் ரத்தத்துல கரைஞ்சு கெடக்கு. மெதுவா வெளிய போகணும். நீங்க மேல கொண்டு போனதும் உள்ளேயே குமிழியா உப்புது. முதுகுத் தண்டுல போய் அடைச்சிருக்கும். தேய்க்காதீங்க, நடக்க வெக்காதீங்க. உடனே கீழ இறக்குங்க. துறைமுகத்துல கடற்படை ஆஸ்பத்திரி இருக்கு, அங்கதான் அழுத்த அறை. நான் சொல்லி வெக்கறேன்."

ரூட்டு போனைக் காதிலிருந்து எடுத்தார். கீழே அடைத்த காற்று மேலே வந்தால் உப்பும். பெட்டிச் சரக்குக்குப் பார்க்கத் தெரிந்த நியாயம், பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனுக்குப் பார்க்கத் தெரியாமல் போயிற்று. தன் தலையில் தானே இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார். டீக்கடையில் இருந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பஸ் மறுபக்கம் இறங்குகிற பஸ். துறைமுகத்துப் பக்கம் இறங்க ஒரு முட்டைக்கோஸ் லாரிதான் கிடைத்தது. டிரைவர் மறுபேச்சுப் பேசாமல், தன் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில் பையனைக் கிடத்தச் சொன்னார். இறக்கத்தில் லோடு வண்டி சின்ன கியரில் ஊர்ந்தது.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே. கையெடுத்துக் கும்பிடறேன்."

"பிரேக்கு தாங்காது சார். வேகமாப் போனா மூணு பேரும் ஒரேயடியாப் போயிடுவோம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இறக்கத்தில் சின்ன கியர் என்று தன் கம்பெனி லாரிகளின் கண்ணாடிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்தவரே அவர்தான். வாயை மூடிக்கொண்டு பின்னால் திரும்பி மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தான், என் காலு நேரா இருக்கா, மடங்கி இருக்கா?"

"நேராத்தான் இருக்குடா."

மடங்கித்தான் இருந்தது. ஒரு வளைவில் உருண்டு ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தது. அவர் இன்னொரு கையால் சத்தமில்லாமல் எடுத்து நேராக வைத்தார்.

பாதி மலை இறங்கினதும் முழங்கை வலி விட்டுப்போனது என்றான். ரூட்டுக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் காலும் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னார். கால் சரியாகவில்லை.

அழுத்த அறை என்பது ஒரு பெரிய இரும்புக் குழாய். படுக்க வைத்து உள்ளே தள்ளி, கதவை முறுக்கி மூடினார்கள். பக்கவாட்டில் ஒரு வட்டக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் முகமூடி போட்ட மச்சினன் முகம் தெரிந்தது. படகில் குமிழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த ஆள் இப்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். உட்கார அவருக்கு மனசு வரவில்லை.

நாட்கள் போயின. தினமும் உள்ளே தள்ளுவதும் வெளியே எடுப்பதுமாக இருந்தார்கள். இடது கால் கட்டைவிரல் ஒரு நாள் லேசாக அசைந்தது என்று மச்சினன் சொன்னான். டாக்டர் பார்க்கும்போது அசையவில்லை. சிறுநீர் குழாய் வழியாகத்தான் போனது. டாக்டர் ரூட்டைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மலை உச்சியில எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

ரூட்டு சொன்னார். டாக்டர் எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதுதான் கெடுத்துடுச்சு. நடக்கவே மாட்டார்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பழைய வேலைக்குப் போவார்னு நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க. வீட்டுல சொல்லிட்டீங்களா?"

வீட்டில் சொல்லவில்லை. காய்ச்சல், விமானம் தவறிவிட்டது, மழை என்று நாளுக்கு ஒரு பொய்யாகச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்றைக்கு அவனோடு பேசியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

போனோடு கட்டில் பக்கம் போய் நின்றார். "மச்சான், நான் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். என்னாலதான்னு சொல்லிடறேன்."

மச்சினன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போனக் குடுங்க. நான்தான் அந்த பஸ்ல போலாம்னு அடம் புடிச்சேன்னு சொல்லிக்கறேன்."

"டேய், எதுக்குடா? நீ வேண்டாம்னுதானே..."

"உங்களுக்காக இல்ல அத்தான். எனக்குக் காலு இல்ல. நாளைக்கு அவ என்னையும் பாத்துக்கணும், உங்க கூடவும் வாழணும். உங்க மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு இது ஞாபகம் வந்தா எப்படி வாழுவா?"

ரூட்டு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் போனை நீட்டிவிட்டார்.

அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். நிதானமாக, லிஃப்ட் எந்த மாடியில் நின்றது என்று சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கம் முதலில் அலறல். அப்புறம் அழுகை. அப்புறம், அழுகிறவர்களுக்கு வருகிற கோபம்.

"உனக்கு அப்படி என்னடா அவசரம்? அத்தான் சொன்னா கேக்க மாட்டியா? ரோடு ரோடா அவரு வாழ்க்கையே ஓடுது, அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு? காசு மிச்சம் புடிக்கவா உன்ன அங்க அனுப்பினேன்? பாவி, உன்ன நான் எப்படி வளத்தேன்!"

மச்சினன் "தப்புதான்க்கா, தப்புதான்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"அவருகிட்டக் குடு."

ரூட்டு போனை வாங்கிக் காதில் வைத்தார். இப்போதாவது சொல்லிவிடலாம். ஒரே வரிதான். நான்தான் ஏற்றினேன், அவன் வேண்டாம் என்றான்.

"நீங்க மனச விட்டுடாதீங்க" என்று மனைவி தேம்பினாள். "நீங்க என்ன பண்ணுவீங்க? அவன் புடிச்சா புடிச்ச புடிதான், எனக்குத் தெரியாதா? நீங்க கூட இருந்ததாலதான் உசுராவது தப்பிச்சான். நீங்க சாப்பிட்டீங்களா? ஏங்க, கேக்குதா?"

"ம்" என்றார் ரூட்டு.

அந்தப் பொய்யைச் சொன்னவன் மச்சினன்தான். அது அப்படியே இருக்கட்டும் என்று அவரைக் கேட்டுக்கொண்டவனும் அவன்தான். ஆனாலும் அந்த 'ம்'மைக் கேட்டதும் அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.